கிரகமே இல்லாத கிரக நெபுலா

பிள்ளைகளா, ஒரு படத்தைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. நெசமாத்தான்.

நான் அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டினேன். கல்லுக்குள் பதிந்து கிடக்கும் பழங்காலச் சிப்பிகளைப் பொறுக்கி வந்து மகளிடம் கொடுப்பேன். ஜன்னலில் அடுக்கி வைத்து, "எங்கப்பா கொண்டாந்தது" என்பாள். அவள் ஒன்பதாவது படிக்கும்போது, பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த அவளுடைய மாமா, அதாவது என் மச்சான், ஒரு கலர் பிரிண்ட் எடுத்து வந்தார். இருட்டுக்கு நடுவே பச்சையும் சிவப்புமாக ஒரு வளையம். படம் ஜன்னலுக்கு வந்தது, சிப்பிகள் கட்டிலுக்கு அடியில் போயின.

அதன் பேர் கிரக நெபுலா என்றார். எனக்குத் தெரிந்த கிரகம் கோயிலில் சுற்றுகிற நவக்கிரகம்தான். "இதுல எது சனி?" என்று கேட்டுவிட்டேன். மச்சான் சிரித்தார். மகளும் சிரித்தாள். அதுதான் சுருக்கென்றது.

அது கிரகமே இல்லையாம், சாகப்போகிற நட்சத்திரம் ஊதித் தள்ளிய வாயுவாம். அப்புறம் எதுக்கு அந்தப் பேர் என்று மடக்கினேன். அவருக்குத் தெரியவில்லை. ரெண்டு நாள் நிம்மதியாகச் சாப்பிட்டேன். மூணாம் நாள் போன் பண்ணி மகளிடம் சொல்லிவிட்டார்: அந்தக் காலத்துச் சின்னத் தொலைநோக்கியில் கிரகம் மாதிரி உருண்டையாகத் தெரிந்ததாம், அப்படியே பேர் ஒட்டிக்கொண்டதாம். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரி சொன்னாள்: "அதுல கிரகம் இல்ல. உங்களுக்குத்தான் புடிச்சிருக்கு."

பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வந்தது. சிப்பிகளை பிரஷ் போட்டுத் தேய்த்து வைத்தேன். அவள் படத்தைத்தான் எடுத்துப் போனாள்.

லீவு போட்டுப் போனேன். மச்சானுக்கு கிளாஸ் இருந்ததால் வரவில்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்று தலைமையாசிரியர் கேட்டார். "எங்க மாமா சார்" என்றாள். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன்.

பக்கத்து மேஜையில் செய்து வைத்திருந்த எரிமலை பொங்கியதும் கூட்டம் அங்கே ஓடியது. நான் யாரோ மாதிரி அவள் முன்னால் போய் நின்றேன்.

"ஏம்மா, நம்ம சூரியனுக்கும் இதே கதிதானா?"

உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "ஆமாங்க சார். ஒருநாள் நல்லா உப்பிடும். மேல இருக்கற வாயுவெல்லாம் கழண்டு வெளிய போயிடும். உள்ள மிஞ்சற சூடான கரு அதுல வெளிச்சம் அடிக்கும். அதான் இந்த வளையம். பயப்படாதீங்க சார், அதுக்கு இன்னும் பல நூறு கோடி வருஷம் இருக்கு."

புரியாத மாதிரி இன்னொரு தடவை கேட்டேன். முதலிலிருந்து சொன்னாள், என் மூஞ்சியைப் பார்த்தே. மச்சானுக்கு இது கிடைக்கவில்லை.