ஓசூர்த் தண்ணீர் ஒரு சொட்டு

இருபத்தாறு வருடமாக ஓசூரில் உலோகத் துண்டுகளை அறுக்கிறேன். கியர், ஷாஃப்ட், பிஸ்டன் என்று சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் எது விரிசல் விட்டாலும் எங்கள் சோதனைக்கூடத்துக்கு வரும். நான் அறுத்து, மெருகேற்றி, மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைப்பேன். வானத்திலிருந்து விழுந்ததை அறுக்கச் சொல்லி யாரும் வந்ததில்லை, அந்தப் பெண் வரும்வரை.

பக்கத்துப் பாகலூர்க்காரி. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் விண்கற்களை வகை பிரிக்கிற வேலை. அவர்களுடைய அறுக்கும் இயந்திரம் பழுதாம். எஃகு டப்பாவைத் திறந்து காட்டினாள். அண்டார்டிகா பனியில் பொறுக்கிய கல், கரி கலந்த இனம். எனக்கு அது அடுப்பில் மிஞ்சிய கரித்துண்டாகத்தான் தெரிந்தது, கட்டைவிரல் நகம் அளவு. இதற்கா இத்தனை பெரிய டப்பா என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணா, இதுல தண்ணி படவே கூடாது. எண்ணெயும் கூடாது. இந்தக் கல்லு மேல வானத்துல பொறந்த எடத்துலயே தண்ணி பட்டு, உள்ள களிமண்ணா மாறியிருக்கு. எவ்ளோ மாறியிருக்குன்னு பாத்துத்தான் வகை சொல்லணும். நம்ம தண்ணி சேந்துச்சுன்னா எது எந்தத் தண்ணின்னே தெரியாது. ரெண்டு சில்லு வேணும். ஒன்னு பாக்க, ஒன்னு சூடு பண்ணித் தண்ணி அளக்க. எங்களுக்குக் குடுத்தது மொத்தமே இவ்ளோதான்."

பக்கத்துப் பட்டறையில் இரும்படிக்கும் ஹேமர் ஓடினால் எங்கள் மேசை அதிரும். அங்கே ஃபோர்மேனிடம் போய்க் கெஞ்சினேன்.

"ஆயித்து சார், ஆகட்டும். சாப்பாட்டு டைம் அரை மணி நேரந்தான். ஒன்றரைக்கு ஹேமர் எறங்கிரும், அப்பறம் என்னைக் கேக்காதீங்க" என்றார்.

ஒரு மணிக்குச் சத்தம் நின்றது. அறுக்கும்போது சூடு தணிக்க நீர் விடும் கூலன்ட் வால்வை மூடி, நம்பிக்கையில்லாமல் அதன்மேல் டேப்பும் ஒட்டினேன். வைரம் பதித்த கம்பி உலர்ந்தபடியே கல்லைத் தொட்டது. கொஞ்சம் அழுத்தினாலும் பொடிந்துவிடும். முதல் சில்லை அவள் மைக்ரோஸ்கோப்புக்குக் கொண்டுபோனாள். இரண்டாவதும் நல்லபடியாக வந்தது. இடுக்கியால் எடுத்தேன். என் இன்னொரு கை தானாகப் போய்த் தண்ணீர் பாட்டிலைப் பிழிந்தது. அறுத்த துண்டை உடனே கழுவுவது இருபத்தாறு வருடப் பழக்கம். வால்வை மூடத் தெரிந்த எனக்குக் கையை மூடத் தெரியவில்லை.

ஒரே சொட்டு. கல் அதைக் குடித்துவிட்டது.

அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். "உருண்டை உருண்டையாத் தெரியுது அண்ணா. ராகி மாதிரி, அத விடப் பொடி" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குள் ஈரம் காய்ந்து கறுப்போடு கறுப்பாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான் கஷ்டம். இது ஒரு சொட்டு. மறைப்பது இவ்வளவு சுலபமா என்று நினைத்தபோது பயம் வந்தது. வெட்கம் அதைவிட அதிகமாக வந்தது.

"ஏம்மா, தண்ணி பட்டுருச்சு. நாந்தான்."

அவள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"எத்தன சொட்டு?"

"ஒன்னு."

"எந்தச் சில்லு?"

"சூடு பண்ணறதுக்கு எடுத்தது."

திட்டியிருந்தால் தேவலை. எழுந்து வந்து, மிச்சத் துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு சில்லு வருமா என்று கேட்டாள். வரும், கம்பி ஒரு மயிரிழை விலகினால் வராது என்றேன். மணி ஒன்று இருபது. பாட்டிலை அவளிடம் நீட்டி, வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னேன். அவள் வைக்கவில்லை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நின்றாள்.

கம்பி பாதி இறங்கியபோது பக்கத்துப் பட்டறையில் ஆட்கள் திரும்பிவரும் பேச்சுச் சத்தம் கேட்டது. அவசரப்படுத்த முடியாத வேலை. என் கழுத்தில் வேர்வை இறங்கியது. அதுவும் தண்ணீர்தானே என்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். சில்லு தட்டில் விழுந்தது. அவள் அதை டப்பாவில் வைத்து மூடவும் ஹேமரின் முதல் அடி விழவும் சரியாக இருந்தது.

சில மாதம் கழித்து, வகை முடிவாகிவிட்டது என்று கல்லின் குறிப்புத்தாளைப் படமெடுத்து அனுப்பினாள். உருண்டைகள் மிஞ்சியிருக்க, சுற்றிலும் களிமண்ணாகிப்போன இனமாம். ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருந்தது. கடைசி வரி எனக்குப் புரிந்தது: இரண்டாவது சில்லில் ஒரு சொட்டு நீர் பட்டது, இடம் ஓசூர்.

அந்த வரியில் ஊர்ப் பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்த என் மனைவி, போனைப் பிடுங்கிக்கொண்டுபோய்த் தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.