கோஷம் எடுத்துக் கொடுப்பவன்

எனக்கு மனிதர்களோடு பேச வராது. எதிரே ஒருவர் நின்று முகத்தைப் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பெண் பார்க்கப் போன வீட்டில் "மாப்பிள்ள ஊமையா?" என்று உள்ளே யாரோ கேட்டது கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. அதன் பிறகு பெண் பார்க்க நான் எங்கேயும் போகவில்லை. எங்கள் ஊர் பெரம்பலூர் பக்கம், சின்ன வெங்காயம் போடுகிற ஊர். ஐந்தாவதோடு படிப்பு நின்றது. கொஞ்ச காலம் கொல்லைக்காட்டில் வெங்காய வேலை பார்த்தேன். பிறகு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் பேக்கிங் பிரிவில் இடம் கிடைத்தது. டவுனில் ஓர் அறை எடுத்துத் தனியாகத் தங்கினேன். இன்றைக்கும் அதே அறைதான்.

பேச வராத நான்தான் எங்கள் சங்கத்தில் கோஷம் எடுத்துக் கொடுப்பவனாகப் பல வருஷம் இருந்தேன்.

பேக்கிங்கில் எந்திரம் ஓடும்போது கத்தினால்தான் பக்கத்து ஆளுக்குக் கேட்கும். அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்கும் குரல் தடித்துவிடும். ஒரு வாயிற்கூட்டத்தில் வழக்கமாகக் கோஷம் போடுகிறவருக்குத் தொண்டை கட்டிப்போய், பின்னால் நின்ற என் கையில் மைக்கைத் திணித்துவிட்டார். காகிதத்தில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். அவ்வளவு பேரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் கேட்டைப் பார்த்துத்தான் கத்தினார்கள். அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைக்கவில்லை. நான் ஒன்று சொன்னேன், அதற்குப் பதில் வந்தது. அறைக்குப் போன பிறகும் அந்தப் பதில் காதிலேயே இருந்தது.

பிறகு அது என் வேலையாகிவிட்டது. அந்தக் குரலுக்காகவே என்னைச் செயற்குழுவுக்கும் தேர்ந்தெடுத்தார்கள். செயற்குழுவில் கதவோரமாக உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருவேன்.

எங்கள் சங்கத்தில் தீர்மானம் நிறைவேறுவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. விதிப்புத்தகத்தில் கை தூக்க வேண்டும் என்றுதான் இருக்கிறதாம். ஆனால் யாரும் கை தூக்கி நான் பார்த்ததில்லை. செயலாளர் தீர்மானத்தை வாசிப்பார். மைக்கை என்னிடம் தருவார். நான் எடுத்துக் கொடுப்பேன், மண்டபம் திருப்பிச் சொல்லும். தீர்மானம் நிறைவேறியது என்று தலைவர் அறிவிப்பார். சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிடும்.

போன ஊதிய ஒப்பந்தத்துக்குப் போராடியபோதுதான் பெருக்குகிற பெண்கள் எங்களோடு வந்து நின்றார்கள். சிந்துகிற சிமெண்டை வழித்து அள்ளி, ஆலை முழுவதையும் கூட்டிப் பெருக்குகிறவர்கள் அவர்கள். எல்லோரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். சம்பளச் சீட்டு கிடையாது, வார விடுமுறை கிடையாது, மூக்கில் கட்டுகிற துணிகூட அவர்கள் பழைய புடவையில் கிழித்ததுதான். எங்கள் கோரிக்கையில் அவர்களையும் சேர்த்திருந்தோம். ஆனால் அவர்கள் சங்கத்தில் உறுப்பினர் இல்லை, நிரந்தரத் தொழிலாளி மட்டும்தான் உறுப்பினராகலாம்.

அவர்களில் ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற ஓர் அம்மா இருந்தார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை தொங்கும். வாய் சும்மா இருக்காது. நான் கடந்துபோனால், "என்னண்ணே, மைக்கு இல்லன்னா வாய கழட்டி வச்சுடுவீங்களா?" என்பார். மற்ற பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு நடப்பேன். ஒரு நாளில் என்னிடம் யாராவது பேசினது என்றால் பெரும்பாலும் அதுதான்.

செயலாளர் பேச்சுவார்த்தைக்குத் திருச்சி கிளம்பிய அன்று கேட்டில் அவரை வழியனுப்பினோம். காகிதத்தில் இருந்த கோஷங்கள் தீர்ந்துவிட்டன. கார் இன்னும் கிளம்பவில்லை. பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். என் வாயில் தானாகவே ஒன்று வந்தது.

"போடாதே! போடாதே! பெருக்கும் பெண்களை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாதே!"

நானாகச் சொன்ன ஒரே கோஷம் அது. கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. செயலாளர் காரிலிருந்து இறங்கி வந்து என் தோளைத் தட்டினார். "இதாண்ணே எனக்குத் தெம்பு" என்றார். அதன்பிறகு போராட்டம் முடிகிறவரை ஒவ்வொரு வாயிற்கூட்டமும் அந்தக் கோஷத்தில்தான் முடிந்தது.

ஒப்பந்தம் பேசி முடிந்ததும் செயற்குழு கூடியது. செயலாளர் என்னைவிடச் சின்னவர், படித்தவர், கெட்டவர் இல்லை. எங்களுக்கு என்னென்ன கிடைத்தது என்று சொன்னார். நல்ல ஒப்பந்தம்தான். எல்லாம் சொல்லி முடித்த பிறகு நான் கதவோரத்திலிருந்து, "பெருக்குறவங்க?" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அவங்க விஷயம் தனியா பேசிக்கலாம்னு கம்பெனில சொல்லிட்டாங்கண்ணே," என்றார் செயலாளர். "அதையே புடிச்சிக்கிட்டு இருந்தா நமக்கும் ஒன்னும் வராது. அடுத்த தடவ பாப்போம்."

"நாளைக்குப் பொதுக்குழு தம்பி," என்றார் தலைவர். "புதுசா நல்ல கோஷமா நாலு எழுதித் தரச் சொல்றேன். வெற்றி வெற்றின்னு ஜோரா எடுத்துக் குடுக்கணும்."

மறுநாள் கல்யாண மண்டபத்தில் பொதுக்குழு. உறுப்பினர்கள் மட்டும் உள்ளே. பெண்களும் வந்திருந்தார்கள், அவர்களை வெளியே வேப்ப மரத்தடியில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். நான் உள்ளே போகும்போது ஏலாக்குறிச்சி அம்மா எழுந்து நின்று, "அண்ணே, சத்தமா சொல்லுங்க. இங்க வரைக்கும் கேக்கணும்" என்றார்.

செயலாளர் ஒப்பந்தத்தை வாசித்தார். கைதட்டல். 'இதர ஒப்பந்தப் பணியாளர் குறித்துப் பின்னர் பேசப்படும்' என்ற வரியை மற்ற வரிகளைப் போலவே வாசித்தார், அதற்கும் கை தட்டினார்கள். பிறகு மைக்கும் காகிதமும் என் கைக்கு வந்தன. காகிதத்தில் வெற்றி என்று பெரிய எழுத்தில் இருந்தது. படித்தேன். படிக்க முடிந்தது. சொல்ல முடியவில்லை. மண்டபம் காத்திருந்தது. யாரோ இருமினார்கள். ஜன்னலுக்கு வெளியே புடவைத் தலைப்புகள் தெரிந்தன.

"போடாதே! போடாதே!" என்றேன்.

மண்டபம் முழுவதும், "போடாதே! போடாதே!" என்றது.

"பெருக்கும் பெண்களை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடாதே!"

அதையும் திருப்பிச் சொன்னார்கள். யாரும் யோசித்துச் சொல்லவில்லை. நான் எடுத்துக் கொடுத்தால் திருப்பிச் சொல்லிச் சொல்லி அவர்களுக்குப் பழகியிருந்தது. கூரை அதிர்ந்தது. வெளியே வேப்ப மரத்தடியில் பெண்கள் எழுந்து அதே கோஷத்தைப் போடுவது உள்ளே கேட்டது. அவர்களுடையதுதான் கடைசி வரை நிற்காமல் இருந்தது. உள்ளே ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. சிலர் சிரித்தார்கள்.

"என்னண்ணே பண்ணிட்டீங்க?" என்று செயலாளர் மெதுவாகக் கேட்டார். என் கையிலிருந்து மைக்கை வாங்க வந்தார். நான் விடாமல் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. மைக் இல்லாமலே அவர் கத்தினார்: "தோழர்களே, கோஷம் வேணாம். விதிப்படி கை தூக்குங்க. ஒப்பந்தத்த ஏத்துக்கிறவங்க?"

கைகள் எழுந்தன. என் பக்கத்து எந்திரத்துக்காரர், எனக்குத் தினமும் மோர் தருகிறவர், என்னைப் பார்க்காமல் கை தூக்கினார்.

"வேணாங்கிறவங்க?"

நான் தூக்கினேன். தூக்கின கையில் மைக் இருந்தது. பின்வரிசையில் ஒருவர் பாதி கை தூக்கி, அப்படியே தலையைச் சொறிந்துகொண்டு இறக்கிவிட்டார்.

தீர்மானம் நிறைவேறியது.

வெளியே வந்தபோது பெண்களின் முகமெல்லாம் சிரிப்பு. "கேட்டோம்ணே! மண்டபமே அதிர்ந்துச்சு" என்று ஏலாக்குறிச்சி அம்மா ஓடிவந்தார். மைக்கில்லாமல் நான் சொல்லவேண்டியிருந்தது. வேறு யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

"அது இல்லம்மா," என்றேன். "அதுக்கப்புறம் கை தூக்கிட்டாங்க."

"எதுக்கு?"

"போடறதுக்கு."

பின்னால் இருந்த ஒரு பெண், "கத்துனதும் அவுங்கதான், தூக்குனதும் அவுங்கதானா?" என்றாள். ஏலாக்குறிச்சி அம்மா என் முகத்தையே பார்த்தார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. "சரி, பஸ்ஸு வந்துரும், வாங்கடி" என்று எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனார்.

என்னைச் சங்கத்தைவிட்டு யாரும் நீக்கவில்லை. திட்டவும் இல்லை. செயற்குழுவுக்குப் போனால், "வாங்கண்ணே" என்று டீ தருகிறார்கள். கோஷத்துக்கு மட்டும் எலக்ட்ரிகல் பிரிவில் ஒருவரைப் போட்டுவிட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் ஹெல்மெட்டுகளை வைப்பார்கள். மோர்க்காரர் இப்போதும் மோர் தருகிறார், தந்துவிட்டு உடனே திரும்பிக்கொள்கிறார். அறையில் சில சமயம் சமைத்துக்கொண்டே அந்தக் கோஷத்தைச் சொல்லிப் பார்ப்பேன். சொல்லிவிட்டுச் சும்மா இருப்பேன். குக்கர் விசில் வரும்.

வெயில் காலம் போய் மழைக்காலம் வந்தது. ஒருநாள் மாலை ஷிப்டு முடிந்து வெளியே வந்தால், சாலைக்கு அந்தப்பக்கம் ஒரு புதுக் கொடிக்கம்பம். பெருக்குகிற பெண்கள் தனியாகச் சங்கம் வைத்துவிட்டார்கள். எல்லோரும் வரவில்லை, வேலை போய்விடும் என்ற பயத்தில் பாதிக்குமேல் ஒதுங்கிக்கொண்டார்கள். ஏலாக்குறிச்சி அம்மா மைக் இல்லாமல் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார். குரல் உடைந்து உடைந்து வந்தது. பதில் அதைவிட மெலிதாக இருந்தது.

நான் இந்தப்பக்கமே நின்றேன். கம்பெனி பஸ் பின்னால் நின்றது, ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"எடுத்துக் குடுக்கவெல்லாம் வர வேணாம்ணே," என்று சாலையைத் தாண்டிக் கத்தினார். "அத நான் பாத்துக்கிறேன். திருப்பிச் சொல்லத்தான் ஆளு பத்தல."

எனக்குத் தொண்டை அடைத்தது. பஸ் ஜன்னலில் முகங்கள் இருந்தன. ஒரு லாரி போகட்டும் என்று நின்றேன், அடுத்த லாரியும் போகட்டும் என்று நின்றேன். பிறகு சாலையைக் கடந்தேன். பெண்களுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓட்டுநர் ஒருமுறை ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு பஸ் கிளம்பிப் போய்விட்டது. அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் அடுத்ததைச் சொல்லட்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.