பருந்தைக் கொல்லத் தவறிய மந்திரி

எங்கள் ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பின் ஆண்டு விழாவில் நான் ஒருமுறை சீன மந்திரியாக நடித்தேன். சோழர் கதை, பாண்டியர் கதையெல்லாம் தீர்ந்துவிட்டதால், நாடகம் எழுதும் நண்பன் பழைய சீனாவுக்குப் போய்விட்டான்.

அந்த மந்திரி அறிவாளி, விசுவாசி. மன்னர் தவறு செய்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். ஒருநாள் மன்னர் அரசு வேலையை விட்டுவிட்டுப் பருந்தோடு விளையாடிக்கொண்டிருந்தார். மந்திரி வருவதைக் கண்டதும் பயந்துபோய் அதை அங்கிக்குள் ஒளித்துக்கொண்டார். மந்திரி பார்த்தும் பார்க்காததுபோல் நாட்டு நிலைமையைப் பற்றி நீட்டி முழக்கினார். பேசி முடிப்பதற்குள் பருந்து மூச்சுமுட்டிச் செத்துவிட்டது.

"உனக்குத்தான் மாமே இந்த வேஷம். மூஞ்சிலயே விசுவாசம் கீது," என்றான் நண்பன்.

பாராட்டு என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். மன்னர் யாரென்று கேட்கத் தோன்றவில்லை. தொழிற்சாலையில் எங்கள் பிரிவின் ஃபோர்மேன்தான் மன்னர். பதினாறு வருடத்தில் அவரிடம் நான் பேசிய மிக நீண்ட வாக்கியம், "சரிங்க சார், இப்பவே பண்ணிடறேன் சார்."

விழா அன்று மனைவியின் பச்சை நைட்டிதான் மந்திரி உடை. இயந்திரம் துடைக்கும் பஞ்சுதான் தாடி. கண்ணாடியில் அறிவாளியாகத்தான் தெரிந்தேன். மேடையேறியதும் ஃபோர்மேன் பொம்மைப் பருந்தை அங்கிக்குள் செருகிக்கொண்டு, வேலைக்குத் தாமதமாக வருபவர்களைப் பார்க்கும் அதே பார்வையை என்மேல் வீசினார். இரண்டு பக்க வசனமும் போன இடம் தெரியவில்லை.

"மன்னா, தாங்கள் செய்வது..." என்று இழுத்தேன். "தப்பு இல்லைங்க சார்."

அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் என் மகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

மன்னர் உதடு அசையாமல், "பேசுய்யா, பருந்து இன்னும் சாவல," என்றார்.

"இருக்கட்டும் சார், பாவம்."

வேறு வழியில்லாமல் அவரே பருந்தை வெளியே எடுத்து, "நாட்டை மறந்து இதோடு விளையாடினேனே, என் தவறுதான்!" என்று தன்னைத்தானே கண்டித்துக்கொண்டார். நான் தலையாட்டினேன். சிறந்த நடிகர் பரிசு அவருக்குத்தான்.

மறுநாள் வேலையிடத்தில் என்னைக் கூப்பிட்டார். "இத்தினி வருஷத்துல நான் பண்ண தப்பு ஒண்ணுகூட உன் கண்ணுல படலியா?"

நிறையப் பட்டிருந்தது. போன மாதம் அவர் ஷிப்ட் முடியும் நேரத்தைத் தள்ளிவைத்ததிலிருந்து வேப்பம்பட்டிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் தினமும் ரயிலைத் தவறவிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைச் சொன்னேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இத எவனும் எங்கிட்ட சொல்லலியே," என்று சொல்லிவிட்டு, அட்டவணையை எடுத்துப் பழைய நேரத்தையே எழுதினார்.

அன்று மாலை அந்தப் பெண்கள் வந்து அவருக்கு நன்றி சொன்னார்கள். நானும் பக்கத்தில் போய், யார் எடுத்துச் சொன்னது என்று கேட்டால் சொல்வோம் என்று நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிறதென்று கிளம்பிவிட்டார்கள்.