சமையலறைக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர்

எங்கள் வீட்டு ஹாலில் மூன்று ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கின்றன. ஒன்று என் வீட்டுக்காரர் சவூதியிலிருந்து கடைசியாக வந்தபோது யாரையும் தொடவிடாமல் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. மற்ற இரண்டும் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ரேடியோ கடையில் சொல்லிச் செய்தவை. முன்னால் இருக்கும் சவூதிப் பெட்டியில்தான் பாட்டு நுழையும். அதன் முதுகிலிருந்து ஒயர் கிளம்பிப் பின்னால் உள்ள இரண்டுக்கும் போகும். ஒன்று ஹாலில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்களுக்கு. இன்னொன்று சமையலறையில் அரிசி டின்னுக்கு மேலே தொங்கும் ஒற்றை ஸ்பீக்கருக்கு.

அந்த மூன்றாவது எனக்காகச் செய்தது. ஹாலில் ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தால் நான் வெளியே வர மாட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். தலை நரைத்த பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை. "நீ வரலன்னா பாட்டு ஒன்னத் தேடி வரட்டும்" என்று சொல்லி, சுவரில் ஓட்டை போட்டு ஒயரை இழுத்தார். ஹாலில் ஜன்னல் அதிர்ந்தாலும் எனக்கு மட்டும் மெதுவாகக் கேட்கும்படி அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபயரைத் திருகி வைத்துக் கொடுத்தார்.

பிறகு ஒரு மைக்கும் வாங்கி மாட்டினார். விருந்தாளிகள் வந்தால் ஹால் பக்கத்துச் சத்தத்தை அமர்த்திவிட்டு, விரலால் மைக்கை டக் டக் என்று தட்டுவார். "சமையக்கட்டு கவனத்துக்கு. மூணு டீ. ஒண்ணு சக்கர இல்லாம." சமையலறையில் இருக்கும் எனக்கு வந்தவர்கள் சிரிப்பது கேட்கும். "இன்னா மச்சான், பஸ் ஸ்டாண்டு மாரி வூட்லயும் அறிவிப்பா?" என்று ஒருத்தர் கேட்பார். இவர் பதில் சொல்வதற்குள் நான் தண்ணீரை அடுப்பில் ஏற்றியிருப்பேன். டக் டக் கேட்டாலே போதும், எனக்குக் கை தானாகப் போகும்.

செட்டை அணைக்க ஒரு முறை உண்டு. பின்னால் உள்ள இரண்டையும் முதலில் அணைக்க வேண்டும், முன்னால் உள்ளதைக் கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் டொம் என்று இடிக்கும். அவரையும் எங்கள் மகளையும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. சின்ன வயதிலிருந்தே அவள்தான் அவருக்கு ஒயர் பிடித்துக் கொடுத்தவள்.

ஒருநாள் சாயங்காலம் ஹால் பக்கத்தை அமர்த்தி, எனக்கு மட்டும் பாட்டை மெதுவாக ஓடவிட்டுத்தான் அஸர் தொழுகைக்குப் போனார். பள்ளிவாசலில் தொழுத இடத்திலேயே சரிந்துவிட்டார். ஆட்கள் வீட்டுக்கு ஓடிவந்ததும், மௌத்தான வீட்டில் பாட்டு கேட்கிறதே என்று யாரோ அவசரமாக முன்னால் இருந்த பெட்டியை அணைத்தார்கள். சமையலறையில் டொம் என்று விழுந்தது. எனக்கு யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே அந்தச் சத்தத்தில் தெரிந்துவிட்டது. அவர் இருந்தால் அப்படி இடிக்க விட மாட்டார். பிறகு செட்டின் மேல் ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்திவிட்டார்கள்.

புருஷன் இறந்தபின் இத்தா இருக்கும் நாலு மாதம் பத்து நாளும் நான் வெளியே போகக் கூடாது, அந்நிய ஆம்பளைகளிடம் பேசக் கூடாது. எனக்கு அதொன்றும் கஷ்டமில்லை. துணைக்குப் புவனகிரியிலிருந்து அவருடைய அக்கா வந்து தங்கினார். அண்ணிக்குக் காது மந்தம். மகன் சென்னைக்குத் திரும்பிவிட்டான். மகள் கடலூரில் வேலைக்குப் போகிறவள், அவளும் கிளம்பிவிட்டாள்.

மகளும் நானும் போனில் பேசத் தெரியாதவர்கள். தினமும் வேலை விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் போன் செய்வாள், அவருக்குத்தான். எப்போதாவது நான் எடுத்தால், "சாப்ட்டியா? சரி, அத்தாட்ட குடுக்குறேன்" என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. இப்போது கொடுக்க ஆள் இல்லை. அண்ணியின் போனுக்குக் கூப்பிட்டு, "அம்மா எப்டி இருக்கு?" என்று கேட்பாள். "இருக்கா இருக்கா" என்று அண்ணி கத்துவார். வைத்துவிடுவாள்.

ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு மாவு சலித்துக்கொண்டிருந்தேன். மேலே இருந்த ஸ்பீக்கரில் டக் டக் என்றது.

சல்லடையைக் கீழே வைத்தேன். மறுபடியும் டக் டக், டக் டக். கடைசியில் தொண்டையைச் செருமுவது போல ஒரு கரகரப்பு. பிறகு ஒன்றுமில்லை. ஹாலை எட்டிப் பார்த்தேன். வேட்டி போர்த்தியது போர்த்தியபடி இருந்தது. திரும்பி வந்தபோது அடுப்பில் தண்ணீர் இருந்தது. நான்தான் வைத்திருக்கிறேன்.

"யாரு வந்திருக்கா? ரெண்டு டம்ளர் வெச்சிருக்க?" என்றார் அண்ணி.

"யாருமில்ல அண்ணி. ஒங்களுக்கு ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

"எனுக்கா? இடி உழுந்தாலே யாராச்சும் சொன்னாதான் தெரியும். போ புள்ள."

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தது. அதற்கடுத்த நாளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவில்லை. அன்று நான் சமையலறையை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தேன்.

யாசீன் ஓதினேன். அவருடைய ரூஹு போய்ச் சேர்ந்ததா, இல்லை, சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்றுக்காக இங்கேயே நிற்கிறதா? அது ஒன்றுதான் என் மனதைப் பிடித்துத் தின்றது. அண்ணியிடம் சொன்னால் ஹஸ்ரத்தைக் கூப்பிட்டு ஓதி ஊதச் சொல்வார். மகன் காதுக்குப் போனால் செட்டைக் கழற்றிக் கடையில் கொடுத்துவிடுவான். அவர் நிம்மதியாகப் போய்ச் சேரட்டும் என்று துஆவும் கேட்டேன். அஸர் முடிந்ததும் ஸ்பீக்கருக்குக் கீழே போய் நின்றும் கொண்டேன். இரண்டையும் செய்தது நான் ஒருத்திதான்.

கடைசியில் பயத்தை விட ஏக்கம் ஜாஸ்தியானது. ஒருநாள் அண்ணி படுத்திருக்கும்போது, அஸருக்குப் பிறகு ஹாலுக்குப் போய் வேட்டியை விலக்கினேன். முன்பெட்டி இருட்டாகக் கிடந்தது. பின்னால் இருந்த இரண்டிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. தொட்டுப் பார்த்தேன், சூடு. கடைசியாகக் குளிப்பாட்டும்போது அவர் கையைத் தொட எனக்குக் கிடைக்கவில்லை. இது இத்தனை நாளும் வேட்டிக்கு அடியில் சூடாகவே இருந்திருக்கிறது.

அப்போது சமையலறையில் டக் டக் என்று கேட்டது. என் முகத்துக்கு நேரே, ஆம்ப்ளிஃபயர்களுக்கு இடையில், ஒரு வெளிச்சம் பளிச்சென்று எரிந்தது.

அவருடைய பட்டன் போன். தொழப் போகும்போது சத்தத்தை அமர்த்தியிருந்தார், அப்படியே இருந்தது. செட்டுக்குக் கரண்ட் போகும் அதே பலகையில் சார்ஜர் செருகியிருந்தது. திரையில் இங்கிலீஷ் எழுத்து. எனக்குக் கூட்டிப் படிக்க வராது. ஆம்பளைக் குரலாக இருந்தால் என்ன செய்வது? இத்தாவில் இருப்பவள் அந்நியனிடம் என்ன பேசுவது? ஆனால் இன்னும் விஷயம் தெரியாத அவருடைய கூட்டாளி யாராவது தினமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தால்? பச்சைப் பட்டனை அமுக்கிக் காதில் வைத்தேன்.

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. பிறகு மூச்சு. பிறகு மிக மெதுவாக, "அத்தா?"

"நான்டி" என்றேன்.

"அம்மாவா?" என்று சொல்லி அவள் அழுதாள். நடுரோட்டில் நின்று அழுகிறாளே என்று எனக்குப் பதைத்தது.

"டெய்லி நீயா கூப்பிடுற?"

"ஆமா. வேலிடிட்டி போயிடக் கூடாதுன்னு ரீசார்ஜும் நாந்தான் பண்றேன். ஆஃப் ஆயிடும், ஆஃப் ஆயிடும்னு பாத்தா, அது பாட்டுக்கு ரிங் போய்க்கினே இருக்கு. சார்ஜே எறங்கல. யாரும்மா சார்ஜ் போட்டது? எனுக்கு பயமாக்கூட இருந்துச்சு. ஆனா கூப்பிடாம இருக்க முடியல."

நான் ஸ்பீக்கரில் கேட்ட சத்தத்தைச் சொன்னேன். தண்ணீர் வைத்ததையும் சொன்னேன். அவள் அழுகையோடு சிரித்தாள். "போன் அடிக்கறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர்ல அப்டித்தான் தட்டும். அத்தா எத்தினி வாட்டி திட்டிருக்காரு, போனத் தள்ளி வைன்னு. பின்னாடி ரெண்டும் ஆஃப் பண்ணலியா நீங்கோ? சூடாயிருக்கும். மொதல்ல அதுங்கள அணைம்மா."

அவள் சொல்லச் சொல்ல ஹால் ஸ்பீக்கருக்கான பெட்டியை அணைத்தேன். விளக்கு போயிற்று. அடுத்ததன் மேல் விரலை வைத்தேன்.

"அணைச்சிட்டியா?"

"அணைச்சிட்டேன்" என்றேன். அணைக்கவில்லை.

"சாப்ட்டியா?" என்று அவள் கேட்டாள். கொடுக்க ஆளில்லாததால் என்ன சாப்பிட்டேன் என்று சொன்னேன். அவள் பஸ் வரும்வரை பேசினோம்.

போனைச் சார்ஜரில் செருகியது யார் என்று பிறகு எல்லோரிடமும் கேட்டேன். மகன் நானில்லை என்றான். அண்ணியும் இல்லை என்றார். பள்ளிவாசலிலிருந்து அதைக் கொண்டுவந்தவர், என் கையில்தான் கொடுத்ததாகச் சொல்லியனுப்பினார். எனக்கு நினைவில்லை.

இத்தா முடிந்து அண்ணியும் ஊருக்குப் போய்விட்டார். மகள் இப்போதும் அந்த நம்பருக்குத்தான் கூப்பிடுகிறாள். அஸர் முடித்துச் சமையலறையில் நிற்பேன். ஸ்பீக்கர் முதலில் தட்டும். மகள்தான் என்று நன்றாகத் தெரியும். இருந்தாலும் தண்ணீரை வைத்துவிட்டுத்தான் ஹாலுக்குப் போகிறேன். நான் போய்ச் சேரும் வரைக்கும் அது அவர்.