பச்சியப்பனின் ரசமட்டம்

பச்சியப்பன் வாங்கிய பழைய மில்லிங் மிஷின் 2024 ஜூன் 6, வியாழக்கிழமை மாலை 4.40-க்கு எங்கள் தெருவுக்கு வந்தது. நண்பகலுக்கே வந்திருக்க வேண்டும். லாரி சேலத்திலிருந்து மஞ்சவாடிக் கணவாய் வழியாக அரூருக்கு வராமல், தொப்பூர் ஏறி தர்மபுரியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தது. தொப்பூரில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று ஓட்டுநர் சொன்ன காரணத்தைப் பச்சியப்பன் நம்பவில்லை. இறக்குவதற்கு முன் லாரியில் ஏறி, கோயம்புத்தூர்க் கிடங்கில் கைப்பேசியில் எடுத்த பதினேழு படங்களோடு ஒவ்வொரு பாகத்தையும் ஒப்பிட்டார். மோட்டாரின் எண், கைப்பிடியின் கீறல், எல்லாம் சரியாக இருந்தன. அதன் பிறகும் ஓட்டுநரை அவர் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் இதே வகை மிஷினில் நின்றவர். இரும்பை மேசையில் இறுக்கிக் கட்டி, சுழலும் கட்டரால் தட்டையாகவோ பள்ளமாகவோ சீவும் வேலை. சனிக்கிழமை இரவு ஊருக்கு வந்து ஞாயிறு மாலை பஸ் ஏறிவிடுவார். தொழிற்சாலை மூடப்பட்டதும், வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் சொந்தப் பட்டறை வைக்க நினைத்தார். சித்தேரி மலையில் சாமை உமி நீக்கும் ஆலை நடத்தும் பெண்கள், தேய்ந்த தண்டுக்குப் பதில் புதிது செய்து தந்தால் மற்ற வேலைகளையும் அவருக்கே தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஓசூரில் வேறொரு கம்பெனியும் ஒப்பந்த வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. ஜூலை 31-க்குள் பதில் சொல்ல வேண்டும். போனால் மறுபடியும் நான்கு பேரோடு ஓர் அறை. மிஷின் ஒழுங்காக ஓடினால் இருங்க, இல்லாவிட்டால் கிளம்புங்க என்று அவர் மனைவி கோகிலவாணி சொல்லிவிட்டார்.

மிஷினின் புதுச் சாம்பல் நிறப் பெயின்ட் பச்சியப்பனுக்குப் பிடிக்கவில்லை. விரிசலை மறைக்கத்தான் இவ்வளவு தடிமனாகப் பூசியிருக்கிறார்கள் என்று பதினொரு நாள் சுரண்டினார். விரிசல் எதுவும் இல்லை. மேசையின் பக்கவாட்டில், மூன்று அடுக்குப் பெயின்டுக்குக் கீழே, உளியால் பொறித்த எழுத்து இருந்தது: மாது, 12-3-91. காபி கொண்டுவந்த கோகிலவாணி, யார் இது என்று கேட்டார்.

"யாரு கண்டா? மிஷினுக்கு வெரலக் குடுத்துட்டுப் போனவனா இருப்பான்," என்றார் பச்சியப்பன், சுரண்டுவதை நிறுத்தாமல்.

பிறகு மிஷினை முழுவதும் பிரித்தார். மண்ணெண்ணெயில் கழுவி, இரண்டு பேரிங்குகளை மாற்றினார். மேசை நகரும் தடத்தில் நீல மை தடவி, மேடு தெரிந்த இடத்தை மட்டும் சுரண்டி, மறுபடியும் மை தடவிப் பார்த்தார். அதற்கே ஒன்பது நாள் ஆனது. கொட்டகைத் தரை ஒரு பக்கம் சரிவு என்பதால் நான்கு மூலைக்கும் அடியில் புளியங்கட்டைகளைக் கொடுத்தார். தொழிற்சாலையில் இரும்புத் தகடு வைப்பார்கள். கட்டை என்றால் அதிர்வைத் தாங்கும் என்று இவர்தான் மைத்துனர் பெரியண்ணனிடம் கேட்டு வாங்கினார். ஜூலை 1, திங்கட்கிழமை மேசை மீது ரசமட்டத்தை வைத்தபோது, சரிவே இல்லை என்று குமிழி நடுவில் நின்றது.

அன்று முதல் தினமும் காலை ஏழு மணிக்குக் குமிழி நின்ற இடத்தை நோட்டில் எழுதினார். 6-ஆம் தேதி இரண்டு கோடு தள்ளி நின்றது. கட்டைகளைத் தட்டிச் சரிசெய்தார். 13-ஆம் தேதி மூன்று கோடு. அன்று சீவிப் பார்த்த இரும்பில் தகரக் கூரை போல அலை அலையாக வரி விழுந்தது. இப்படி வந்தால் தண்டு செய்து சித்தேரிக்கு அனுப்ப முடியாது.

யாரோ மிஷினை அசைக்கிறார்கள் என்று அவர் முடிவு செய்தார். அந்தக் கொட்டகையில் முன்பு சொட்டுநீர்க் குழாய்களைப் போட்டுவைத்திருந்தவர் பெரியண்ணன். மிஷின் வந்ததால் அவற்றை எடுத்துப் போக வேண்டியதாயிற்று. 14-ஆம் தேதி கொட்டகைக்குப் புதுப் பூட்டு வந்தது. ஒரு சாவி அவர் இடுப்பில், மற்றது கோகிலவாணியிடம். 20-ஆம் தேதியும் குமிழி நகர்ந்திருந்தது. உடனே சந்தேகம் கட்டை மேல் திரும்பியது. காயாத பச்சைக் கட்டையைக் கொடுத்துவிட்டாரா என்று மைத்துனரிடமே கேட்டார்.

"ஏழு வருசம் வெயில்ல கெடந்த கட்டைங்க மாப்ள," என்றார் பெரியண்ணன். "கட்டையச் சாக்கு வெச்சுக் கேக்கறதுக்கு என்னயே நேராக் கேட்டிருக்கலாமுங்க."

அதன் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை.

22-ஆம் தேதி பச்சியப்பன் நோட்டோடு என் வீட்டுக்கு வந்தார். நான் அரசு வேலையில் மழைமானிக் குறிப்பு எழுதி ஓய்வு பெற்றவன். இன்றும் மொட்டை மாடியில் ஒரு மழைமானி இருக்கிறது. அந்த மூன்று நாளும் மழை பெய்ததா என்று கேட்டார். பெய்யவில்லை, அவற்றுக்கு முந்தின நாளும் இல்லை. 10-ஆம் தேதி 14.2 மில்லிமீட்டர் பெய்திருந்தது, ஆனால் அன்று அவர் குமிழி நகரவில்லை. இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவருடையதில் தேதி மட்டும் இருந்தது. என்னுடையதில் கிழமையும் உண்டு. மூன்றும் சனிக்கிழமை என்றேன்.

அவர் முகம் மாறியது. "அப்ப அசைச்சது மொத நாளு. வெள்ளிக்கெழமதான சார் எங்க மச்சான் அரூருக்கு வர்ற நாளு."

26-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. காலை ஐந்து மணிக்கே கொட்டகைக்குப் போய், கதவை வெளியே பூட்டியபடியே விட்டு, பின்புறத் தகரத்தை விலக்கி நுழைந்து, டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தார். 5.35-க்குப் பூட்டுத் திறந்தது. உள்ளே வந்தது கோகிலவாணி, இடுப்பில் குடம். மாது என்று பொறித்திருந்த எழுத்தின் மேல் குங்குமம் வைத்தார். மிஷினின் நான்கு கால்களிலும் மஞ்சள் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினார். கட்டைகள் குடித்தன. நடந்ததை ஏழு மணிக்கு என்னிடம் வந்து சொன்னவர் பச்சியப்பனே.

எத்தனை வாரமாக என்று கேட்டாராம்.

"பேரப் பாத்ததுல இருந்துதாங்க. வெரலக் குடுத்துட்டுப் போனவன்னு நீங்கதான சொன்னீங்க? உங்க வெரலு எனக்கு வேணுமுங்க."

தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்றதற்கு, "சொன்னாச் சிரிப்பீங்க. வெள்ளிக்கெழம இந்த வூட்ல என்ன நடக்குதுன்னு இருவத்திரண்டு வருசமா உங்களுக்கு எங்க தெரியும்?" என்றாராம்.

28-ஆம் தேதி மிஷினைத் தூக்க ஜாக்கி வேண்டியிருந்தது. அது பெரியண்ணனிடம்தான் இருந்தது. பச்சியப்பனே நேரில் போய்க் கேட்டார். பெரியண்ணன் ஜாக்கியோடு வந்து, கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டார்.

"உள்ள வரலாமுங்களா மாப்ள, இல்ல சாவி வெச்சிருக்கறவங்க மட்டுந்தானா?"

பச்சியப்பன் பூட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். கட்டைகளை எடுத்துப் பார்த்தபோது உள்ளே வைரம் பாய்ந்த, நன்றாகக் காய்ந்த மரம். அடிப்பக்கம் மட்டும் ஊறி உப்பியிருந்தது. அவற்றின் இடத்தில் இரும்புத் தகடுகளை வைத்தார்கள்.

30-ஆம் தேதி தண்டில் வெட்டிய பள்ளம் கண்ணாடி போல் வந்தது. 31-ஆம் தேதி காலை 10.15-க்கு ஓசூருக்குப் பேசி, வரவில்லை என்று சொல்லிவிட்டார். மறுநாள் தண்டு சித்தேரி பஸ்ஸில் ஏறியது.

ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை, கோகிலவாணி ஒளிக்காமல் குடத்தோடு போனார். பச்சியப்பன் ரசமட்டத்தோடு பக்கத்திலேயே நின்றார். மறுநாள் காலை நோட்டில் சுழியம் எழுதி, அதன் கீழே முதன்முறையாகக் கிழமையையும் எழுதினார். எழுதிய கையோடு என் வீட்டுக்கு வந்து, அது சனிக்கிழமைதானா என்று என் நோட்டில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனார்.