வக்காலத்தில் ஒரு கையெழுத்து

திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். என் கணவர் பல்லடம் ரோட்டுச் சாயப்பட்டறை ஒன்றில் தொட்டி கழுவ இறங்கி, விஷவாயு தாக்கிச் செத்தார். அந்த ஆள் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்று கம்பெனி கைகழுவிவிட்டது. அப்போது எனக்காக வழக்குப் போட்டவர்தான் இன்று எங்கள் எம்.பி. வக்கீலாக இருந்தவரை ஒரு வாய்தாவுக்கும் வராமல் இருந்ததில்லை. பிறகு தேர்தல் மேடைகளில் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து என் கணவரின் சாவைப் பேசினார். பேசும்போது அவரே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். நடிப்பில்லை. நல்ல மனுஷன் என்பதுதான் என் வயிற்றெரிச்சலே.

அவர் ஜெயித்ததும் ஜூனியர்கள் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டுக் கட்சி வேலைக்குப் போனார்கள். வழக்கு அனாதையாகக் கிடந்தது. வருகிற திங்கட்கிழமையும் வக்கீல் வராவிட்டால் தள்ளுபடிதான் என்று நீதிபதி சொல்லிவிட்டார். நான் தேடிப் பிடித்த புது வக்கீலோ, பழையவர் தனக்கு ஆட்சேபணை இல்லையென்று வக்காலத்தில் கையெழுத்துப் போட்டால்தான் எழுந்து நிற்க முடியும் என்றார்.

ஒரே ஒரு கையெழுத்து. கட்சி ஆபீஸுக்கு நடையாய் நடந்தேன். டெல்லி என்றார்கள், கூட்டம் என்றார்கள். பனியன் கம்பெனியில் என்னோடு செக்கிங் பார்க்கிறவள்தான் வழி சொன்னாள், எம்.பி. எந்தக் கல்யாணத்தையும் விடமாட்டார் என்று. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு, முன்பின் தெரியாதவர்களின் மண்டபத்து வாசலில் போய் நின்றேன். மொய் எழுதுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்த்துக்கொள்ளட்டும், மானம் ரோஷமெல்லாம் எனக்கு எப்போதோ போய்விட்டது.

கார் வந்து நின்றதும் ஆளாளுக்கு மனுவை நீட்டினார்கள். நானும் வக்காலத்தை நீட்டினேன். என்னைப் பார்த்ததும் நின்றார்.

“ஏனுங்கக்கா, நல்லா இருக்கறீங்களா? கேஸ் என்னாச்சுங்க?”

அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் சால்வையோடு சூழ்ந்துகொண்டார்கள். அவர் என் காகிதத்தை வாங்கி, மற்ற மனுக்களோடு சேர்த்து உதவியாளர் கையில் கொடுத்தார். “பாத்துக்கலாங்கக்கா” என்று உள்ளே போய்விட்டார். அது மனு இல்லை, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுங்கள் என்று கத்தினேன். கெட்டிமேளத்தில் யார் காதில் விழும்? வாசலிலேயே காத்துக் கிடந்தேன். எம்.பி.யும் உதவியாளரும் பின்வாசல் வழியாக அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள்.

திங்கட்கிழமை கோர்ட்டில் எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். புது வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். நான் மட்டும் எழுந்தேன். வக்கீல் எங்கேம்மா என்று நீதிபதி கேட்டார்.

“டெல்லியில இருக்காருய்யா. எங்களுக்காகப் பேசத்தான் போயிருக்காரு.”

பின்னால் சிரித்தார்கள். நான் கேலி பேசவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னேன். வழக்கு தள்ளுபடியானது. என் கணவர் எங்கேயும் வேலை பார்க்காத ஆளாகவே செத்துப்போனார்.