ஆமென் சொல்லாத சாமுவேல் சார்

எங்கள் இறையியல் கல்லூரியின் அட்மிஷன் கமிட்டி இன்று காலை கூடி, ஃபேனுக்கு நேர் கீழே கிடந்த நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்துவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. நீண்ட ஆலோசனை. ஜெபமும் உண்டு.

அது சாமுவேல் சாருடைய நாற்காலி. நேற்று மதியம், விழுப்புரத்தில், வீட்டிலேயே... மாரடைப்பு.

பைபிளில் பழைய ஏற்பாட்டுப் பாடம் நடத்தியவர். கமிட்டியில் அவர் உறுப்பினர், நான் மினிட்ஸ் எழுதுகிறவன்.

வெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். திண்டிவனம் பக்கத்தில் இருக்கும் எங்கள் கல்லூரியில் ஓட்டெடுப்பு என்ற உலக வழக்கம் கிடையாது. தலைவர் முடிவைச் சொல்லி ஜெபிப்பார், உறுப்பினர்கள் ஆமென் சொல்வார்கள். ஒருவர் சொல்லாவிட்டாலும் அது தீர்மானம் ஆகாது.

சாமுவேல் சார் சொல்ல மாட்டார். கண்ணை மூடி, கையைக் கூப்பி, வாயையும் மூடிக்கொள்வார்.

"ஏன் சார், ஜெபத்துக்கே ஆமென் இல்லையா?" என்பார் தலைவர்.

"ஜெபம் நல்லாதான் கீது. முடிவுதான் தப்பு. தப்புக்கெல்லாம் ஆண்டவரை சாட்சிக்கு இழுத்துக்கினு வர்றீங்களே, இன்னா நியாயம்?"

தகராறு எப்போதும் ஒன்றுக்குத்தான். படித்த பள்ளி எது?

மிஷன் பள்ளி என்றால் 'ஆவிக்குரிய சூழல்' என்று முழு மதிப்பெண். தனியார் மெட்ரிக் என்றால் பாதி. அரசுப் பள்ளி என்றால்... சூழலே இல்லை.

போன வருடம் மிஷன் பள்ளியிலிருந்து ஒரு பையன் வந்தான். "உங்க ஸ்கூல்ல டெய்லி ப்ரேயர் உண்டாப்பா?" என்று கேட்டார் தலைவர்.

"உண்டு சார். எங்க ஊரு பஸ்ஸு லேட்டு. ப்ரேயர் முடிஞ்சப்புறம்தான் போவேன்."

சூழலுக்கு முழு மதிப்பெண். மினிட்ஸில் இருக்கிறது.

"இயேசு கூப்புட்டப்போ பேதுரு மீன் புடிச்சிக்கினு இருந்தவரு. அவருக்கு எவ்ளோய்யா போடுவீங்க?" என்றார் சாமுவேல் சார். பதில் சொல்லக் கமிட்டிக்கு நேரமில்லை. டீ வந்துவிட்டது.

இந்த வருடம் மிச்சமிருந்த ஒரே சீட்டுக்கு ஸ்டெல்லா வந்தாள். கூட்டேரிப்பட்டு. அரசு மேல்நிலைப் பள்ளி. ப்ளஸ் டூவில், வந்தவர்கள் எல்லோரையும்விட மார்க் அதிகம்.

"கவர்மென்ட் ஸ்கூல்ல பைபிள் சொல்லித்தர மாட்டாங்களேம்மா?" என்றார் தலைவர், மிகுந்த கவலையோடு.

"மாட்டாங்க சார். அதான் இங்க படிக்கலாம்னு வந்தேன்."

சாமுவேல் சார் சிரித்த சிரிப்பில் மேஜையெல்லாம் டீ.

"நீ எதுக்கும்மா ஆயர் ஆவணும்?" துடைத்துக்கொண்டே அவர்தான் கேட்டார்.

"எங்க காலனியில சாவு விழுந்தா, டவுன்லேர்ந்து பாஸ்டர் வர்றதுக்குள்ள எடுத்துடறாங்க சார். எங்கப்பாவையும் ஜெபம் இல்லாமதான் எடுத்தாங்க."

அதற்கு மேல் அவர் சிரிக்கவில்லை.

சூழல் கருதி, ஒரு மிஷன் பள்ளி மாணவருக்குச் சீட் என்று தலைவர் ஜெபித்தார். சாமுவேல் சார் வாய் திறக்கவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் கூட்டம், மறுபடியும் அதே ஜெபம், அதே மௌனம்.

"பேஜாரு புடிச்ச கமிட்டிய்யா இது. அந்தப் பொண்ணு பேரை சொல்ற வரைக்கும் நான் ஊமை," என்றார் பஸ் ஸ்டாப்பில். என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

நாளை காலை விழுப்புரத்தில் அடக்கம். கல்லூரி பஸ் உண்டு.

போய் வாங்க சார். அங்கேயாவது கமிட்டி இல்லாமல் இருக்கட்டும்...

நாற்காலிக்கு அடுத்ததாக, மிச்சமிருந்த சீட் விஷயம் இன்று எடுத்துக்கொள்ளப்பட்டது. தலைவர் ஜெபித்தார். உறுப்பினர்கள் எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

ஸ்டெல்லாவின் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் மதியத் தபாலில் கூட்டேரிப்பட்டுக்குப் போய்விட்டன.